நவகாவ் கஞ்சா மகாலும் கீழ்க்கிளைக் கவாத்தும்

நவகாவ் கஞ்சா மகால் என்பது பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் வங்காள மாகாணத்தில் கஞ்சா பயிரிட உரிமம் வழங்கப்பட்டிருந்த நிலப்பகுதி. ராஜ்ஷாஹி மாவட்டத்தின் நவகாவை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 16 மைல் ஆரத்துக்குள் இது அமைந்திருந்தது. பக்கத்து மாவட்டங்களான தினாஜ்பூர், போக்ரா ஆகியவற்றின் சில பகுதிகளும் இதற்குள் அடங்கின. இன்று இப்பகுதி வங்காளதேசத்தில் உள்ளது. வங்காளத்தில் விற்ற கஞ்சாவில் பெரும்பங்கு இங்கிருந்தே சென்றது. வணிகர்கள் இதைப் பாலுசர் கஞ்சா என்று அழைத்தார்கள்.

கஞ்சாவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் புகைத்தவர்களைப் பற்றியும், தடை செய்தவர்களைப் பற்றியும் எழுதுகிறார்கள். பயிர் செய்தவர்களைப் பற்றிய பேச்சு குறைவு. நவகாவ் உழவர்கள் இந்தப் பயிருக்குச் செய்த இரண்டு வேலைகள், செடியின் அடிக் கிளைகளைக் கழிப்பதும் ஆண் செடிகளைப் பிடுங்குவதும், ஒரு மாகாணத்தின் வரி வருவாய்க்கு அடித்தளமாக இருந்தன. அந்த வேலைகளைப் பற்றி இன்று தெரிந்திருப்பதும் வரி வாங்கிய அரசு எழுதிவைத்த அறிக்கைகளால்தான்.

செடியின் இயல்பு

கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பனையைப் போல. பனையில் அலகுப்பனை, பருவப்பனை என்று பிரிப்பது தமிழருக்குப் பழக்கமானது. பகல் குறுகி இரவு நீளும் பருவத்தில் கஞ்சாச் செடி பூக்கும். பெண் பூங்கொத்துகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள சிற்றிலைகளிலும் நுண்ணிய சுரப்பி முடிகள் உண்டு. போதைப் பொருள் அடங்கிய பிசின் அவற்றில்தான் ஊறுகிறது. மகரந்தம் வந்து சேர்ந்தால் பெண் செடி விதை பிடிக்கத் தொடங்கும். சேராவிட்டால் மேலும் மேலும் பூத்துப் பிசினைச் சுரந்துகொண்டிருக்கும்.

செடியின் உச்சியும் அடியும் ஒன்று போல இருப்பதில்லை. நுனியில் வெயில் விழுகிறது. அங்கே பூங்கொத்து நெருக்கமாகவும் பருமனாகவும் அமையும். மேற்கிளைகளின் நிழலில் அகப்பட்ட கீழ்க்கிளைகள் மெலிந்து, உதிரியான சிறு பூக்களையே தரும். நிழலில் உள்ள இலை தயாரிக்கும் உணவு தன் தேவைக்கே போதாமல் போகலாம். ஈரக் காற்று தேங்கும் இடமும் அதுதான். பூஞ்சணம் முதலில் அங்கே பிடிக்கும்.

நாருக்காக இதே இனத்தைப் பயிர் செய்த ஐரோப்பிய உழவர்கள் இந்தச் சிக்கலைக் கத்தி இல்லாமலே தீர்த்துக்கொண்டார்கள். விதையை மிக நெருக்கமாகத் தெளித்தால் செடிகள் ஒன்றையொன்று மறைத்து, கிளைவிடாமல் நேராக உயரும். நீண்ட நார் கிடைக்கும். பூவுக்காகப் பயிர் செய்பவருக்கு அந்த வழி உதவாது. அவருக்குக் கிளையும் வேண்டும், கிளைக்கு வெளிச்சமும் வேண்டும்.

நவகாவின் பயிர் நாட்காட்டி

நவகாவ் முறையைப் பற்றி இரண்டு பழைய அறிக்கைகள் விரிவாகப் பேசுகின்றன. ஒன்று டெபுடி கலெக்டர் ஹேம் சந்தர் கர் 1877இல் வங்காள அரசுக்கு அளித்தது. மற்றொன்று கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் உலர்தாவரக் காப்பகத்தில் பணியாற்றிய டேவிட் ப்ரெய்ன் 1893இல் எழுதியது. ப்ரெய்ன் பின்னாளில் இலண்டன் கியூ தோட்டத்தின் இயக்குநரானவர். கர் வருவாய்த் துறைக்காரர், ப்ரெய்ன் தாவரவியலாளர். ஒரே வயலை ஒருவர் கணக்குப் பார்வையிலும் மற்றவர் பூவின் அமைப்பை வைத்தும் பார்த்தார்கள்.

மர நிழல் விழாத, தண்ணீர் தேங்காத மேட்டு நிலமே இந்தப் பயிருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நிலத்தைப் பலமுறை உழுது புழுதியாக்கினார்கள். ஆகஸ்டில் நாற்றங்காலில் விதைத்து, செப்டம்பரில் நாற்றைப் பிடுங்கிப் பார்களின் மேல் நட்டார்கள். மழை ஓய்ந்ததும் களை எடுத்துப் பார்களைத் திருத்தினார்கள். மாட்டுச் சாணமும் புண்ணாக்கும் உரமாயின. புண்ணாக்குக்குக் காசு வேண்டும். ஆகையால் கஞ்சா உழவர் கடன் வாங்காமல் பயிர் செய்வது அரிது.

நவம்பரையொட்டி அடிக் கிளைகளைக் கழிக்கும் வேலை வந்தது. தண்டின் அடிப்பகுதியில் இருந்த கிளைகளை வெட்டி எடுத்துவிடுவார்கள். இதனால் செடி மேல்நோக்கி வளர்ந்து, பூத்தாங்கும் கிளைகள் உயர்ந்து நிற்கும். இந்தக் காரணத்தை அறிக்கைகளும் சொல்கின்றன. வேலையின் நடைமுறைப் பயன் வேறொன்றும் இருந்தது. அடிக்கிளைகள் போனபின் பார்கள் திறந்து கிடக்கும். உரம் வைத்து மண் அணைக்க இடைஞ்சல் இருக்காது. ஆண் செடியைத் தேடி வருபவர் வரிசைக்குள் நடப்பதும் எளிதாகும். ஒரே வெட்டில் இத்தனையும் நடந்தன என்பதைப் பார்த்தால், யாரோ ஒருவர் திட்டமிட்டுக் கண்டுபிடித்த முறையாக இது தோன்றவில்லை. வயலில் நாள் முழுவதும் குனிந்து வேலை செய்தவர்களின் பழக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

இந்தக் கவாத்து பூ முற்றும் முன்பே முடிந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பருவம் முக்கியமானது. வளரும் செடியில் கீழ்க்கிளையைக் கழித்தால், மிஞ்சியுள்ள கிளைகள் அந்த வெளிச்சத்தையும் உணவையும் பயன்படுத்திக்கொள்ள வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது. பூ முற்றி அறுவடை நெருங்கியபின் கழித்தால் அந்த நேரம் இல்லை. நுனிப் பூ பருக்க வேண்டிய அளவு பருத்து முடிந்திருக்கும். வெட்டுக் காயம் மட்டும் புதிதாகச் சேரும். மெலிந்த பூக்கள் அறுவடைக் குவியலில் கலக்காமல் தடுப்பதும் அடிப்பகுதியில் காற்றோட்டம் கிடைப்பதும் தவிர, அத்தனை பிந்திய கவாத்தால் பெரிய ஆதாயம் கிடைக்க வழி இல்லை. புகையிலையில் கொழுந்து கிள்ளுவதையும் பக்கக் குருத்து ஒடிப்பதையும் அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நாள் தவறினால் அங்கும் உழைப்பு வீண்.

போத்தார்

கிளை கழிக்கும் வேலையை எந்தக் கூலியாளும் செய்யலாம். அடுத்த வேலை அப்படிப்பட்டதல்ல. பூ அரும்பத் தொடங்கியதும் ஆண் செடிகளை அடையாளம் கண்டு, அவை மகரந்தம் உதிர்ப்பதற்குள் அழிக்க வேண்டும். இதற்கென்றே ஒருவர் கூலிக்கு அமர்த்தப்பட்டார். அவரைப் போத்தார் என்றும் பரக்தார் என்றும் அழைத்தார்கள். ஆங்கில அதிகாரிகள் தங்கள் அறிக்கைகளில் அவருக்குக் 'கஞ்சா டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள்.

வங்காளத்தில் போத்தார் என்ற சொல் வழக்கமாக நாணயம் சோதிப்பவரைக் குறிக்கும். பரக்தார் என்றாலும் சோதித்துப் பார்ப்பவர் என்றே பொருள். செல்லாக் காசைப் பொறுக்கி எறிபவரின் பெயர், வேண்டாத செடியைப் பொறுக்கி எறிபவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பொருத்தமான பெயர்தான். பூ விரிந்தபின் ஆண் செடி எது, பெண் செடி எது என்று யாரும் சொல்லிவிடலாம். விரிவதற்கு முன், அரும்பு கடுகளவாக இருக்கும்போது, வரிசையில் நடந்தபடியே சொல்ல வேண்டும் என்பதில்தான் போத்தாரின் திறமை இருந்தது.

அவர் ஒரு முறை வந்து போனதோடு வேலை முடிந்துவிடவில்லை. தப்பிய ஆண் செடிகளைத் தேடி உழவர்களே திரும்பத் திரும்ப வயலைச் சுற்றினார்கள். பெண் செடியிலேயே சில ஆண் பூக்கள் தோன்றுவதும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் வங்காளக் கஞ்சாவில் சில விதைகள் இருக்கத்தான் செய்தன.

மகரந்தம் காற்றில் போகும். அதற்கு வரப்பு கிடையாது. ஒருவர் வயலில் விட்டுப்போன ஆண் செடி அடுத்தவர் பயிரையும் விதைக்க வைத்துவிடும். விதை பிடித்த கஞ்சாவுக்கு விலை இல்லை. புண்ணாக்குக் கடனோ அப்படியே நிற்கும். ஆகவே பக்கத்து வயல்காரர் போத்தாரை அழைத்தாரா இல்லையா என்பது ஒவ்வொருவருக்கும் கவலையாக இருந்திருக்கும். கஞ்சா வயல்கள் ஒரு வட்டத்துக்குள் அடங்கியது கலால் துறையின் காவல் வசதிக்காகத்தான். ஆனால் அந்த நெருக்கம் உழவர்களை ஒருவரையொருவர் சார்ந்திருக்கவும் வைத்தது.

அறுவடையும் மூன்று வகைக் கஞ்சாவும்

குளிர்காலக் கடைசியில் செடிகள் அறுவடைக்கு வந்தன. வெட்டிய செடிகளைக் களத்துக்குக் கொண்டுபோய் வெயிலிலும் பனியிலும் போட்டு, பிறகு காலால் மிதித்துப் பதப்படுத்தினார்கள். பிசின் கசிந்து பூங்கொத்து ஒட்டிக்கொள்வதற்காக இந்த மிதிப்பு. மிதித்துத் தட்டையாக்கியது தட்டைக் கஞ்சா. காலால் உருட்டி உருளையாக்கியது உருண்டைக் கஞ்சா. காம்பிலிருந்து உதிர்ந்த பூந்துணுக்குகள் சூர் எனப்பட்டன.

தட்டைக் கஞ்சாவில் குச்சி அதிகம். உருண்டையில் குறைவு. சூரில் இல்லவே இல்லை. தீர்வை எடைக்கு விதிக்கப்பட்டதால், குச்சிக்கும் பூவுக்கும் ஒரே தீர்வை என்றால் கணக்கு உதைக்கும். எனவே மூன்று வகைக்கும் வெவ்வேறு விகிதம் வைத்தார்கள்; தட்டைக்குக் குறைவு, சூருக்கு மிகுதி. கீழ்க்கிளை, மேற்கிளை என்று வயலில் உழவர் செய்த பிரிவு, குச்சி, பூ என்று தீர்வை அட்டவணையில் மறுபடி வந்து உட்கார்ந்தது.

வரியும் உரிமமும்

1793ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி, கலெக்டரின் உரிமம் இல்லாமல் போதைப் பொருள் தயாரிப்பதையும் விற்பதையும் தடுத்தது. தொடக்கத்தில் கடைக்கு இவ்வளவு என்று வரி வாங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எடைக்குத் தீர்வை என்ற முறை வந்தது. அதற்குப் பிறகு அரசின் கண் கடையிலிருந்து களத்துக்கும், களத்திலிருந்து வயலுக்கும் நகர்ந்தது. யார் எவ்வளவு நிலத்தில் பயிர் செய்கிறார் என்று பதிவு செய்வதும், விளைந்ததை அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் சேர்ப்பதும், அனுமதிச் சீட்டோடு மட்டுமே வெளியே அனுப்புவதும் நடைமுறையாயின.

கிடங்கில் நாட்பட்ட கஞ்சாவின் வீரியம் குறைந்துவிடும் என்பது ப்ரெய்ன் ஆராய்ந்தவற்றில் ஒன்று. இது வெறும் அறிவியல் ஐயம் அல்ல. வீரியம் போன சரக்குக்கும் புதுச் சரக்குக்கும் ஒரே தீர்வை வாங்கலாமா என்ற கேள்வி அதற்குள் இருந்தது.

1893–94 ஆணைக்குழு

1893 மார்ச் 2 அன்று இங்கிலாந்தின் மக்களவையில் வில்லியம் ஸ்ப்ராஸ்டன் கெய்ன் என்ற உறுப்பினர் வங்காளத்தில் கஞ்சா பயிராவதையும் விற்பனையாவதையும் பற்றிக் கேள்வி எழுப்பினார். அவர் மதுவிலக்கு இயக்கத்தவர். அதன் விளைவாக இந்தியச் சணற்போதைப் பொருள் ஆணைக்குழு அமைந்தது. தொடக்கத்தில் வங்காளத்தை மட்டும் ஆராய்வதாக இருந்த பணி, பின்னர் இந்தியா முழுமைக்கும் விரிந்தது. டபிள்யூ. மாக்வொர்த் யங் தலைவர். ஏழு உறுப்பினர்களில் மூவர் இந்தியர்: ராஜா சசி சேகரேஸ்வர் ராய், கன்வர் ஹர்னாம் சிங், லாலா நிஹால் சந்த். ஆணைக்குழு 1,193 சாட்சிகளின் கூற்றுகளைத் திரட்டி, 1894இல் அறிக்கை அளித்தது.

சாட்சி சொன்னவர்களில் அதிகாரிகள், மருத்துவர்கள், நிலக்கிழார்கள், மதபோதகர்கள், உழவர்கள் என எல்லாத் தரப்பினரும் இருந்தார்கள். பயிர் செய்யும் முறை, களத்து வேலை, கிடங்கு எல்லாம் அறிக்கையில் இடம் பெற்றன. கஞ்சா என்றால் என்ன என்பதற்கு ஆணைக்குழு ப்ரெய்னின் விளக்கத்தைப் பின்பற்றியது. அதன்படி, பயிரிட்ட பெண் செடி விதை பிடிக்க வாய்ப்பின்றிப் பிசின் பூத்து, அதன் பூநுனிகள் உலர்ந்தால் அதுவே கஞ்சா. இந்த விளக்கத்துக்குள் போத்தாரின் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது. அவர் பெயர் மட்டும் இல்லை.

அக்காலத்தில் பலரும் நம்பிய ஒன்றை ஆணைக்குழு நேரடியாகச் சோதித்தது. மனநோய் விடுதிப் பதிவேடுகள் கஞ்சாவை மனநோய்க்குக் காரணம் என்று எழுதிவந்தன. 1892இல் அப்படி எழுதப்பட்ட 222 நோயாளிகளின் வரலாற்றை ஒவ்வொன்றாக விசாரித்தபோது, 98 பேருக்கு மேல் அந்தக் காரணம் தேறவில்லை. பல இடங்களில் நோயாளியை அழைத்துவந்த காவலர் சொன்னதையே எழுத்தர் பதிவு செய்திருந்தார். பதிவேட்டில் எழுதியிருக்கிறது என்பதற்காக ஒன்று உண்மையாகிவிடாது என்று அரசின் ஆணைக்குழுவே அரசின் பதிவேட்டைப் பற்றிக் கண்டறிந்தது, அந்த அறிக்கையின் மிகச் சிறந்த பகுதி எனலாம்.

அளவான பயன்பாடு பொதுவாகப் பெரும் தீங்கு செய்வதில்லை, அளவு மீறினால் தீங்கு உண்டு, முழுத் தடை தேவையில்லை, உரிமத்தாலும் தீர்வையாலும் கட்டுப்படுத்தலாம் என்பது பெரும்பான்மை முடிவு. இதில் அரசுக்கு ஆதாயம் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. தீர்வை வாங்கும் அரசு தீர்வையே சரியான வழி என்ற முடிவைக் கேட்டு வருந்தியிருக்காது. ஆயினும் சாட்சியங்களைப் படிப்பவர்களுக்கு முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டதாகத் தோன்றாது. ராஜா சசி சேகரேஸ்வர் ராயும் லாலா நிஹால் சந்தும் மாற்றுக் கருத்து எழுதினார்கள். சசி சேகரேஸ்வர் ராயின் தாஹிர்பூர், கஞ்சா மகால் இருந்த அதே ராஜ்ஷாஹி மாவட்டத்து ஜமீன். இந்த வயல்கள் அவருக்குத் தொலைவில் உள்ளவை அல்ல.

மற்ற மாகாணங்களில்

மத்திய மாகாணங்களில் கண்ட்வா, பம்பாய் மாகாணத்தில் அகமத்நகர் ஆகிய பகுதிகளிலும் கஞ்சா பயிரானது. சென்னை மாகாணத்தில் கிருஷ்ணா மாவட்டத்துச் சந்தராவூர் இதற்குப் பேர்பெற்றது. வட ஆற்காடு மாவட்டத்தின் ஜவ்வாது மலையிலும் பயிரிட்டார்கள். ஆண் செடியைக் களையும் வழக்கம் வங்காளத்துக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் அதைத் தனித் தொழிலாக வளர்த்து, அதற்கென்று ஓர் ஆளையும் ஒரு பெயரையும் வைத்திருந்த இடமாக நவகாவே அறியப்படுகிறது.

கூட்டுறவுச் சங்கமும் பயிரின் முடிவும்

1917இல் நவகாவ் கஞ்சா பயிரிடுவோர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. அதுவரை விளைச்சலின் விலையில் இடைத்தரகர்களின் கை ஓங்கியிருந்தது. சங்கம் வந்தபின் விற்பனை உழவர்களின் பொதுக் கைக்கு வந்தது. கிடைத்த இலாபத்தில் பள்ளி, மருத்துவமனை, சாலை போன்ற வேலைகளுக்கும் சங்கம் செலவிட்டது. கஞ்சாவால் கட்டிய பள்ளியில் படித்த தலைமுறை அந்த ஊரில் உண்டு.

1947இல் நவகாவ் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் போதைப் பொருள் ஒப்பந்தம், மருத்துவமும் அறிவியலும் தவிர்ந்த கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டுக் கெடு வைத்தது. ஒப்பந்தம் 1964 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததால் கெடு 1989இல் முடிந்தது. அதற்கு முன்பே, 1987இல், வங்காளதேசம் நவகாவில் பயிரை நிறுத்திவிட்டது. நெல்லும் காய்கறியும் அந்த மேட்டு நிலங்களில் இடம் பிடித்தன. போத்தாரின் தொழிலுக்கு வேறு எந்தப் பயிரிலும் இடம் இருக்கவில்லை.

ஆய்வகத்தில் அதே கேள்வி

மருத்துவக் கஞ்சாவுக்குச் சில நாடுகள் அனுமதி தந்தபின், செடியின் அடியும் நுனியும் ஒன்றா என்ற கேள்வி ஆய்வகத்துக்கு வந்தது. இஸ்ரேலின் வோல்கானி மையத்தைச் சேர்ந்த நிரித் பெர்ன்ஸ்டைன் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே செடியில் உயரத்துக்கு ஏற்ப வேதிப்பொருள் அளவு மாறுவதைக் காட்டியது. 2021இல் வெளியான மற்றோர் ஆய்வில் அதே மையத்தினர் செடியின் உருவத்தைப் பல வகையில் மாற்றிப் பார்த்தார்கள். கீழ்க்கிளை நீக்குவதும் அவற்றில் ஒன்று. செடியின் வெவ்வேறு பகுதிகளுக்கு இடையே வேதிப்பொருள் அளவில் உள்ள ஏற்றத்தாழ்வு கவாத்தால் குறையும் என்பது அவர்கள் கண்ட முடிவு. மருந்துக்கு இது முக்கியம். ஒவ்வொரு வேளையும் நோயாளிக்கு ஒரே அளவு மருந்து போய்ச் சேர வேண்டும். நவகாவ் உழவர் சந்தை விலைக்காகச் செய்ததை மருந்தாளர் அளவுச் சீர்மைக்காகச் செய்கிறார்.

சட்டத்தில் நுனியும் இலையும்

இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டம், கஞ்சாச் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளையே கஞ்சா என்கிறது. நுனியோடு சேராத இலையையும் விதையையும் அந்த விளக்கத்திலிருந்து அது விலக்குகிறது. வட மாநிலங்கள் சிலவற்றில் இலையிலிருந்து செய்யும் பாங்கு அரசு உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுவதற்கும், அதே செடியின் பூவை வைத்திருப்பவர் சிறைக்குப் போவதற்கும் இந்த வேறுபாடே காரணம். நீதிமன்றங்களில், கைப்பற்றிய மூட்டையில் இருந்தது பூநுனியா, வெறும் இலையும் தண்டுமா, எடை போடும்போது அவை பிரிக்கப்பட்டனவா என்று வழக்கறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.